பாலைவன வௌவால் வலைத் தொகுப்பு ஆரல்வாய்மொழிப் பக்கம் எடுபடுமா?

'பாலைவனக் களப்பணிக்கு' என்று பெட்டியில் அச்சடித்து ஆன்லைனில் விற்கிற வௌவால் வலைத் தொகுப்பு இது. வௌவாலைப் பிடித்து, அளந்து, திரும்ப விட்டுவிடுகிற ஆய்வாளர்களுக்கானது. உள்ளே 6 மீட்டர் வலை ஒன்று, 9 மீட்டர் வலை ஒன்று, மூன்று துண்டாக நீளும் அலுமினியக் கம்பு நான்கு, கம்புக்கு அடியில் மாட்ட மணலில் குத்தும் கூர்முனை, கயிறு, முளை, நம் காதுக்கு எட்டாத வௌவால் ஒலியைக் கேட்கவைக்கும் கையடக்க ஒலிமானி, பருத்திப் பைகள் இருக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தில் தோவாளை, ஆரல்வாய்மொழி, அகஸ்தீஸ்வரம் பக்கத்துப் பொட்டலிலும் முட்டத்துச் செம்மணல் தேரியிலும் கட்டிப் பார்த்த வகையில் தீர்ப்பு இதுதான்: வலை அருமை, கம்பு தண்டம், ஒலிமானி பாதி வேலைக்குத்தான் ஆகும். தனியாகத் தருவார்கள் என்றால் 6 மீட்டர் வலையை மட்டும் வாங்குங்கள்.

வாங்குவதற்கு முன் ஒன்று. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் கீழ் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி கையில் இல்லாமல் இந்த வலையைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டோரம் நடக்காதீர்கள். குருவி பிடிக்கிறவர்கள் கட்டுவதும் இதே மாதிரி வலைதான். வனக்காவலருக்கு உங்களையும் அவர்களையும் பிரித்துக்காட்டுவது அந்தக் காகிதம் மட்டுமே. தேரூர், வேம்பனூர்க் குளக்கரைகளில் பறவைக்காகக் கெடுபிடி அதிகம். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது நல்லது. வௌவாலைக் கையால் தொடப்போகிற ஒவ்வொருவரும் வெறிநாய்க்கடிக்கான முன்தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். தோல் கையுறையும் என்-95 முகக்கவசமும் தொகுப்பில் கிடையாது, தனியாக வாங்க வேண்டும். பக்கத்துக் கேரளத்தில் 2018-லிருந்து நிபா பலமுறை தலைகாட்டியிருக்கிறது, பழந்தின்னி வௌவால்தான் அந்தக் கிருமியின் இருப்பிடம். 'பாதுகாப்பு உபகரணங்களுடன்' என்று விளம்பரத்தில் போட்டுவிட்டு ஒரு மெல்லிய ரப்பர் கையுறையை உள்ளே வைத்திருப்பது அநியாயம்.

வலைக்கு வருவோம். கருப்பு நைலான், நூல் பருமன் 75 டெனியர், இரண்டு புரி. உயரம் 2.6 மீட்டர், நான்கு தட்டு. ஐந்து குறுக்குக் கயிறுகளுக்கு இடையே தளர்ந்து தொங்கும் வலைதான் தட்டு. பறந்து வரும் வௌவால் வலையில் மோதி, கீழே தொங்கும் மடிப்புக்குள் பையில் விழுந்ததுபோல் விழும். கண்ணி 38 மில்லிமீட்டர். ஆனால் விற்பனைப் பக்கத்தில் 19 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். ஒரு கண்ணியின் ஒரு பக்கத்தை மட்டும் அளந்தால் 19, மூலைக்கு மூலை இழுத்து நீட்டி அளந்தால் 38. இரண்டும் ஒரே வலைதான். வேறு கடையில் '38' என்று பார்த்து, அது பக்க அளவாக இருந்தால் கண்ணி இரட்டிப்பாகிவிடும். சின்ன வௌவால் அதில் நிற்காது. எந்த அளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள்.

50 டெனியர் நூல் இன்னும் மெல்லியது, வௌவாலுக்குத் தட்டுப்படாது, பிடிப்பும் கூடும் என்பது உண்மை. ஆனால் நம்மூர் உடைமர முள்ளும், காற்றில் பறந்து வரும் பனஞ்சில்லாட்டையும் (பன்னாடை) அதை ஒரு பருவம்கூடத் தாங்க விடா. 75-தான் இங்கே சரி. குளச்சல், முட்டம் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதே என்று மீன் பிடிக்கும் தங்கூசி (ஒற்றை இழை நைலான்) வலையைக் கட்டும் யோசனை வேண்டவே வேண்டாம். அதில் தட்டு இல்லை, நூல் விறைப்பு, திமிறும் வௌவாலின் இறக்கைச் சவ்வை அறுத்துவிடும். கிழிந்த வலையைப் பொத்த மட்டும் அந்த ஊர் ஆட்களை விட்டால் ஆளில்லை. நூல் இவ்வளவு மெல்லிசா என்று முனகிக்கொண்டே முடித்துத் தருவார்கள். கருப்பு பாலியெஸ்டர் தையல்நூல் போதும். உள்ளங்கை அகலத்துக்கு மேல் ஓட்டை விழுந்த வலையை அப்படியே கட்டினால் வௌவால் அதைத் தேடிக் கண்டுபிடித்துப் போய்விடும்.

இந்த வலையில் மெச்ச வேண்டியது, குறுக்குக் கயிற்றோடு வலையை இடையிடையே முடிந்து வைத்திருப்பது. முடியாத வலையில் காற்று வலையின் நீளவாக்கில் அடித்தால் மொத்த நைலானும் ஒரு பக்கக் கம்பை நோக்கிச் சறுக்கிக் குவிந்துவிடும், மறுபாதி வெறும் கயிறாக நிற்கும். மாவட்டத்தின் கிழக்குப் பாதியில் வேலை செய்கிறவர்கள் முடிச்சில்லாத வலையை இலவசமாகத் தந்தாலும் எடுக்க வேண்டாம்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியாகப் பிய்த்துக்கொண்டு வருவதால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அந்தப் பக்கம் வலை கட்டுவது வீண். குறுக்கே அடிக்கும் காற்றில் தட்டின் மடிப்பு விரிந்து பாய்மரமாகிவிடும். விறைத்த வலையில் மோதும் வௌவால் துள்ளித் திரும்பிவிடும், அசையும் வலையைத் தூரத்திலிருந்தே ஒலியால் கண்டுகொள்ளவும் செய்யும். இலைகள் இடைவிடாமல் சலசலக்கிற அளவு காற்று இருந்தாலே சுருட்டிவிடலாம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு மழை. நனைந்த வலையில் நீர்த்துளி ஒவ்வொன்றும் வௌவாலுக்கு ஒரு எச்சரிக்கை, சிக்கியதும் குளிரில் விறைத்துப் போகும்.

பாலைவன முறை என்பது தண்ணீரை நம்பியது. தார் பாலைவனத்திலோ இஸ்ரேலின் நெகேவிலோ சுற்றிலும் பல கிலோமீட்டருக்கு ஒரே ஒரு குட்டை இருக்கும். பொழுது சாய்ந்ததும் அந்த வட்டாரத்து வௌவால்கள் தண்ணீர் குடிக்க அங்கே தாழ்ந்து வந்தாக வேண்டும், அதன் குறுக்கே வலை கட்டினால் போதும். தொகுப்போடு வரும் கையேடு முழுக்க இதைத்தான் சொல்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் தடுக்கி விழுந்தால் குளம். ஜனவரியில் ஒரு குளத்தோரம் வலை கட்டிக் காத்திருந்தால் வௌவால் அடுத்த குளத்தில் குடித்துவிட்டுப் போகும். கோதையாறு பாசனத்தில் பிப்ரவரி இறுதியில் தண்ணீர் அடைத்த பிறகு சானல்கள் வறண்டு, கிழக்கே சிறு குளங்கள் சுருங்கி, கைவிட்ட கல்குவாரிக் குழியிலும் பொத்தை எனும் சிறு பாறைக்குன்றின் அடிவாரச் சுனையிலும் மட்டும் தண்ணீர் நிற்கும் மார்ச் முதல் மே நடு வரையிலான காலம்தான் கையேட்டுக்குப் பொருந்தும். காற்றும் அப்போதுதான் அடங்கியிருக்கும். கோடை இடிமழை மாலையில் மிரட்டுவதைத் தவிர வேறு தொந்தரவு இல்லை. ஆக, இந்தத் தொகுப்பு இங்கே வருடத்தில் இரண்டரை மாதத்துக்கான சாமான். அதைத் தெரிந்து வாங்கினால் ஏமாற்றம் இல்லை.

அந்த மாதங்களிலும் பெரிய குளத்தை விட்டுவிடுங்கள். 6 மீட்டர் வலை குறுக்கே போகிற அளவு ஒடுங்கிய நீர்ப்பரப்பு வேண்டும். பறந்தபடியே குடிக்கிற வௌவாலுக்கு இறங்கி ஏற நீளவாக்கில் இடம் தேவை. அந்த நீள வழியின் குறுக்கே, அடிக்கயிறு நீருக்கு மேல் ஒரு சாண் இருக்கும்படி கட்டுங்கள். அதைவிடத் தாழ்த்தினால் வௌவால் பாரத்தில் அடித்தட்டு தொய்ந்து நீரில் முங்கும், பிடிபட்டது செத்துப்போகும். இந்த ஒரு எச்சரிக்கை கையேட்டில் எங்கும் இல்லை என்பது பெருங்குறை. தண்ணீர் இல்லாத இடத்தில் வாழைத்தோட்டத்துக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவிலுள்ள சந்து, தாழைப் புதர் அடைத்த சானல் கரைப் பாதை ஆகியவை நன்றாக உதவும். காற்றுக்கு மறைவும் கிடைக்கும்.

கம்புகள். தொகுப்பின் விலையில் பெரும்பங்கு இதற்குத்தான் போகிறது, உருப்படாததும் இதுதான். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மூன்று துண்டுகளை முறுக்கிப் பூட்ட வேண்டும். தேரி மணல் ஒருமுறை உள்ளே போய்விட்டால் பூட்டு பிடிக்காது. வலையின் இழுவிசையில் மேல்துண்டு மெல்ல உள்ளே இறங்கி, மேல்தட்டு தொய்ந்துவிடும். மணல் கூர்முனை முட்டத்தில் அழகாக இறங்குகிறது. பொத்தை அடிவாரத்துக் கல்லிலும் கோடையில் இறுகிய செம்மண்ணிலும் வளைந்துகொள்கிறது.

மாற்று எளிது. நாகர்கோவிலில் எந்த ஹார்டுவேர் கடையிலும் முக்கால் இஞ்ச் ஜி.ஐ. குழாயை ஒன்றரை மீட்டர் துண்டுகளாக வெட்டி, ஒரு முனையில் மரை போட்டு, கப்ளிங்கோடு வாங்கிக்கொள்ளலாம். இரண்டு துண்டு சேர்ந்தால் 3 மீட்டர் கம்பு. கட்டுமானக் கம்பி 12 மில்லிமீட்டரில் முக்கால் மீட்டர் வெட்டி, பாதி நீளம் தரையில் அடித்து, மேலே நீட்டியிருக்கும் பாதியின் மேல் குழாயைச் செருகினால் அதிகம் ஆடாது. பாறையில் கம்பியும் இறங்காது. அங்கே பத்து லிட்டர் பெயின்ட் வாளியில் கான்கிரீட் ஊற்றி நடுவில் கம்பியை நிறுத்திவைத்த அடிக்கட்டைதான் வழி, எடை 24 கிலோவை ஒட்டி வரும், வண்டி போகிற இடத்துக்கு மட்டும். கப்ளிங் விளிம்பில் வலையின் காதுகள், அதாவது கம்பில் கோக்கும் கயிற்று வளையங்கள், மாட்டாமல் இருக்க டேப் சுற்றுங்கள். மூங்கிலே போதும் என்பவர்கள் கணுக்களை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்க வேண்டும், இல்லாவிட்டால் இருட்டில் காது ஏறாது, இறங்காது. பி.வி.சி. குழாய் 9 மீட்டர் வலையை ஏற்றியதும் வில்லாக வளைந்துவிடும்.

கட்டும் முறையில் புதியவர்கள் தடுமாறுவது இரண்டு இடத்தில். வலையைப் பையிலிருந்து எடுக்கும்போது ஐந்து காதுகளையும் வரிசை மாறாமல் ஒரு கம்பில் கோத்து, மற்றவர் மறுமுனையைத் தரையில் படாமல் இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். இந்த வலையில் மேல்காது வெள்ளையாக இருப்பதால் இருட்டிலும் தலைகீழாகாது, நல்ல ஏற்பாடு. சட்டைப் பொத்தான், கைக்கடிகாரம், கொலுசு, மெட்டி எல்லாமே வலையில் மாட்டும். பொத்தான் இல்லாத டி-சர்ட் போட்டுக்கொள்வது உத்தமம். அடுத்தது இழுவிசை. குறுக்குக் கயிறு வீணைத் தந்தி மாதிரி விறைத்திருக்க, இடையிலுள்ள வலை தொளதொளவென்று தொங்க வேண்டும். நான்கு தட்டையும் முழு உயரத்துக்கு இழுத்து விரித்தால் பார்க்க அழகாக இருக்கும், வௌவால் பட்டுத் தெறிக்கும். காதுகளைச் சற்று நெருக்கி, ஒவ்வொரு தட்டின் அடியிலும் நான்கைந்து விரல் ஆழத்துக்கு மடிப்பு விழும்படி வையுங்கள். கம்புக்கு இரண்டு கயிறு, வலை இழுக்கும் திசைக்கு எதிர்ப்புறம் விரித்து, 45 பாகையில் முளையில் கட்டுங்கள்.

மார்ச், ஏப்ரலில் சூரியன் மறைவது மாலை ஆறரை ஒட்டி. அதற்கு முன் வலையைத் திறந்தால் தகைவிலானும் மீன்கொத்தியும் விழும். சுருட்டிய நிலையில் கட்டிவைத்துவிட்டு, பறவைகள் அடங்கியதும் திறவுங்கள். முதல் இரண்டு மணி நேரம்தான் அறுவடை. முழுநிலவை ஒட்டிய இரவுகளைத் தவிர்த்துவிடலாம். வலையை விட்டு நகரவே கூடாது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது விளக்கடித்துப் பார்க்க வேண்டும். பெரிய காது கொண்ட போலி ரத்தக்காட்டேரி வௌவால் சில நிமிடத்தில் நூலைக் கடித்து வழி பண்ணிக்கொண்டு போய்விடும், கூடவே வலையில் கிடக்கும் சின்ன வௌவாலைத் தின்னவும் கூடும். அதன் இரையே அப்படித்தான். வலை ஒன்றுக்குப் பழக்கப்பட்ட இருவர் என்பது கணக்கு. 9 மீட்டர் வலையையும் சேர்த்துத் திறந்தால் நால்வர். குகை வாயில், பழைய கோட்டை, கோயில் மண்டபம் என்று கூட்டமாக அடையும் இடத்தின் வாசலில் இதைக் கட்டவே கூடாது. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் வந்து விழுந்தால் எடுக்க ஆள் போதாது. அந்த வேலைக்கு நிற்கும் நரம்புகளில் மோதி கீழே பைக்குள் சறுக்கவைக்கும் யாழ்ப்பொறிதான் பொருத்தம்.

எடுக்கும்போது முதலில் எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே வந்தது என்று பாருங்கள், வந்த வழியேதான் வெளியே வரும். கால்கள் முதலில், பிறகு ஒரு இறக்கை, தலை, மற்ற இறக்கை. உடம்பை உள்ளங்கையில் அடக்கிப் பிடித்து, முன்கை எலும்பை ஒட்டி நூலைத் தள்ளுங்கள். சவ்வைப் பிடித்து இழுக்காதீர்கள். பல்லில் மாட்டிய நூலுக்கு மெல்லிய குரோஷா ஊசி. ஒரு நிமிடத்துக்கு மேல் மல்லுக்கட்டுகிறது என்றால் நூலை வெட்டிவிடுங்கள், வலை போனால் பொத்திக்கொள்ளலாம்.

எவை விழும் என்ற எதிர்பார்ப்பிலும் விளம்பரம் கொஞ்சம் மிகைதான். பெட்டியில் படம் போட்டிருக்கும் எலிவால் வௌவால், உடம்பு நீளத்துக்கு வால் கொண்ட ரைனோபோமா, வட ஆப்பிரிக்காவிலிருந்து தார் வழியாக மதுரைப் பக்கத்துப் பாறை இடுக்குகள் வரை பரவிய உண்மையான வறட்சி வௌவால். அதுவும், பொத்தைகளில் அடையும் கல்லறை வௌவாலும் உயரத்தில் இரை தேடுகிறவை. தரையிலிருந்து 2.6 மீட்டருக்கு நிற்கும் வலையில் தண்ணீர் குடிக்க இறங்கினால் ஒழிய விழா. இலைமூக்கு வௌவால்கள் வலையை ஒலியால் கண்டு கடைசிக் கணத்தில் திரும்பிவிடும். வாழைத்தோட்ட ஓரத்தில் விழுவதில் பெரும்பாலானவை குட்டைமூக்குப் பழவௌவால். பிப்ரவரி, மார்ச்சில் குட்டியை நெஞ்சில் ஒட்டிய தாய்கள் வரும். அவற்றை அளக்காமல் உடனே விட்டுவிட வேண்டும். ஒரு மீட்டருக்கு மேல் இறக்கை விரிக்கும் பெரிய பழந்தின்னி அந்தப் பக்கம் வட்டமிட்டால் வலையைச் சுருட்டிவிடுங்கள், அதற்கான வலை இதுவல்ல.

உயரத்தில் பறப்பவற்றுக்குத்தான் ஒலிமானி. தொகுப்பில் இருப்பது ஹெட்டரோடைன் வகை, குமிழைத் திருப்பி ஒரு அதிர்வெண்ணில் வைத்தால் அதை ஒட்டிய ஒலியை மட்டும் காதுக்குக் கேட்கும்படி இறக்கித் தரும். 25-லிருந்து 30 கிலோஹெர்ட்ஸில் கல்லறை வௌவால் 'டக் டக்' என்று தெளிவாகக் கேட்கும். எலிவாலுக்கு 32-35. பூச்சி தின்னும் சின்ன வௌவால்களான பிப்பிஸ்ட்ரெல்களுக்கு 40-50. அதுவரை குறையில்லை. ஆனால் கருவியின் உச்சவரம்பு 120. நம்மூர்ப் பாறைக் குகைகளில் அடையும் இலைமூக்கு வௌவால்களில் ஹிப்போசிடெரஸ் ஸ்பியோரிஸ் கத்துவது 130-ஐத் தாண்டி, ஹிப்போசிடெரஸ் ஃபுல்வஸ் 150-ஐத் தாண்டி. தலைக்கு மேலே பறந்தாலும் இந்தப் பெட்டி வாய் திறக்காது. 'இங்கே இலைமூக்கு வௌவால் இல்லை' என்று அறிக்கையில் எழுதிவைக்கும் ஆபத்து இருக்கிறது.

அந்தக் காசுக்கு ஆடியோமாத் போன்ற பதிவுக்கருவி எவ்வளவோ மேல். நொடிக்கு 3,84,000 மாதிரி எடுக்கும், அதில் பாதி, அதாவது 192 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலி பதிவாகும். 256 என்று வைத்தால் 128-உடன் நின்றுவிடும், இலைமூக்கு மறுபடி கை நழுவும். ஆகவே 384-ஐக் குறைக்காதீர்கள். அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 46 மெகாபைட், பொழுது சாய்ந்து மூன்று மணி நேரத்துக்கு 8.3 ஜிகாபைட் வேண்டும். 32 ஜிகாபைட் எஸ்டி கார்டு மூன்று இரவு தாங்கும். நேரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றி அமைக்காவிட்டால் கோப்பின் பெயர் உலகப் பொது நேரத்தில் விழும், மாலை 6.30-க்கு எடுத்தது 13.00 என்று நிற்கும். பனைமரத்தில் ஒட்டிக் கட்டினால் எதிரொலியும் ஓலைச் சலசலப்பும் சேரும். தனிக்கழியில் ஆள் உயரத்துக்கு மேல் வையுங்கள். 150 கிலோஹெர்ட்ஸ் ஒலி காற்றில் சில மீட்டருக்குள் கரைந்துவிடும் என்பதால் குகை வாயிலிலிருந்து ஒதுங்கி நின்று பதிவு செய்து பலனில்லை.

பருத்திப் பைகள் பரவாயில்லை, உள்தையல் பிரிந்து நூல் தொங்குகிறது, வௌவால் நகம் அதில் மாட்டும். திருப்பிப் போட்டுப் பயன்படுத்தலாம். ஒரு பையில் ஒன்று, அரை மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், ஒவ்வொரு இரவும் வெந்நீரில் அலசிக் காயவையுங்கள். முன்கை அளக்கும் காலிப்பரும் தராசும் தொகுப்பில் இல்லை. தராசு 30 கிராமுக்கு ஒன்று, 100 கிராமுக்கு ஒன்று என்று இரண்டாக வாங்கினால்தான் பிப்பிஸ்ட்ரெல்லையும் பழவௌவாலையும் ஒழுங்காக எடைபோட முடியும்.

வலையை வெயிலில் காயப்போட்டால் நைலான் நைந்துவிடும். சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள், பிளீச்சிங் பவுடர் பக்கம் போகவே வேண்டாம். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை, தாளில் சுற்றி அலமாரியில் போட்டால் எலி. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவே நல்லது. ஆர்டர் போடும் முன் விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை: கண்ணி 38 என்பது நீட்டி அளந்ததா, குறுக்குக் கயிற்றில் வலை முடியப்பட்டிருக்கிறதா, கம்பில்லாமல் 6 மீட்டர் வலை மட்டும் தருவார்களா. மூன்றாவதற்கு முதலில் முடியாது என்பார்கள். இரண்டு வலையாக எடுத்தால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள்.